நிற்கும், தரிக்காது

எழுதிக் கொடுத்ததை அப்படியே அடிப்பதுதான் என் வேலை. அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்பது போர்டில்தான். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி, நான். பத்தாவதோடு படிப்பு நின்றுபோய், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, அந்த விரல்களை நம்பிக் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி நானாகக் கற்றுக்கொண்டவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, தீப்பெட்டி ஆபீஸ் நோட்டீஸ் என்று ஊரில் நடக்கிற நல்லது கெட்டது பாதி என் விரல் வழியாகத்தான் போகும்.

வருகிறவர்கள் பேசுகிற பேச்சில் ஒரு வரி பிடித்துவிட்டால் கீபோர்டுக்கு அடியில் கிடக்கும் நீள நோட்டில் குறித்து வைப்பேன். "அய்யா சிரிச்ச போட்டோவாப் பாத்துப் போடுங்க. இருந்தவரைக்கும் சிரிக்கல, போனப்புறமாவது சிரிக்கட்டும்" என்று அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு மகன் சொன்னது அதில் இருக்கிறது. அந்த நோட்டு யாருக்கும் எதற்கும் பயன்படாது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. பிழை கண்டால் கேட்காமல் திருத்திவிடுவேன். முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விளாத்திகுளம் பக்கமிருந்து ஒருத்தர், மகள் கல்யாணத்துக்கு "அனைவரும் கலந்து கொல்ல அன்புடன் அழைக்கிறோம்" என்று எழுதிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, இதுல ஒரு எழுத்து..." என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, "ஏம்மா, நான் எட்டாங்கிளாஸ்ல தமிழ்ல முதல் மார்க்கு. எழுதுனத அடி" என்று கத்திவிட்டார். பக்கத்துப் பாத்திரக்கடை பாய் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அன்றிலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு 'கொள்ள' என்று அடித்துக் கொடுத்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ஊரெல்லாம் போய்க் கலந்துகொண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். திருத்துகிறவள் சத்தம் போடக்கூடாது, அதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் டீச்சர் வந்தார். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், எனக்கு டீச்சர்தான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். பாலிதீன் கவருக்குள் கவர் போட்டு ஒரு ஃபைலைக் கக்கத்தில் வைத்திருந்தார். அதைக் கீழே வைக்காமலே முகத்தைத் துடைத்தார்.

"அக்கா, பிஎச்டி தீசிஸ். இங்கிலீஷ்ல இருக்கது எல்லாம் மதுரையில அடிச்சாச்சு. தமிழ்ல ஒரு சுருக்கம் வைக்கணும், அது ரூல். எட்டுப் பக்கம். நாளைக்குக் குடுத்துருவீங்களா?"

"நாளைக்கா? எனக்கு நாளைக்கு ரெண்டு கல்யாணம் இருக்கே."

"மாசக் கடைசிக்குள்ள யுனிவர்சிட்டியில இருக்கணும்க்கா. ரெண்டு தடவ நாள் நீட்டிக் குடுத்துட்டாவ. இனிமே நீட்ட மாட்டாவ. இது தவறுச்சுன்னா பதிவே போச்சு. ஏழு வருசம்."

அந்த 'ஏழு வருசம்' என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். கல்யாணங்களைத் தள்ளி வைத்தேன்.

முதல் தாளின் தலைப்பிலேயே எனக்குத் தலை சுற்றியது. 'தனியலைகளின் நிலைத்தன்மையில் ஈர்ப்பு விசையின் விளைவு.'

"தனியலைன்னா என்ன டீச்சர்?"

"சாலிட்டான்னு சொல்லுவாவ. கம்மாத் தண்ணியில கல்லப் போட்டா வட்டம் விரிஞ்சு விரிஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிரும்லா? இது அப்படிப் போகாது. தன் உருவத்த விடாது. ஒரு உருண்டை மாதிரி அப்படியே இருக்கும்."

"எங்கன இருக்கு அது?"

"நான் பாக்கது பேப்பர்லதான்க்கா இருக்கு."

"ஏழு வருசமா பேப்பர்லயா?"

சிரித்துவிட்டார். "வாய்க்கால்ல அந்த மாதிரி அலை நெசமாவே போவும். நான் பாக்கது அதோட தூரத்துச் சொந்தம். அந்த உருண்டைக்கு எடை உண்டு. எடை இருந்தா தன்னத்தானே உள்ள இழுக்கும். இழுத்தா அது என்ன ஆகும்னு பாக்கேன்."

"உள்ள இழுத்தா இன்னும் கெட்டியாத்தானே ஆகும்?"

"அதான்க்கா எல்லாரும் நெனைப்பாவ."

அதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை. கெட்டியாகும் என்கிறாரா, ஆகாது என்கிறாரா? கேட்டால் இன்னும் குழம்புவேன் என்று பேச்சை அவர் ஊருக்குத் திருப்பினேன். புதூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் செம்மறி ஆடு. கொஞ்ச காலமாக மழையை நம்பி உளுந்தும் போடுகிறார்கள். இவர் லீவுக்கு லீவு ஆட்டோடு போனவர்தானாம்.

"ஆடு மேய்க்கதுல நடக்கது பெரிசில்லக்கா. பொழுதடைய கெடையில கொண்டு வந்து நிறுத்துவோம் பாருங்க, அப்பம்தான் பயம். அம்புட்டும் கல்லு மாதிரி நிக்கும். நிக்கும், ஆனா தரிக்காது. ஒரு நாய் இருமுனாப் போதும்."

நாய் இருமுகிற அந்த வரிக்காகவே நோட்டை எடுத்துக் குறித்தேன். டீச்சர் கவனிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. ஐந்தாவது பக்கத்தில் அந்த வரி இருந்தது.

'ஈர்ப்பு விசையால் கிடைக்கும் இந்த நிலையான தீர்வுகள் நிலையற்றவை.'

நிறுத்திவிட்டேன். திரும்பப் படித்தேன். நிலையான தீர்வுகள் நிலையற்றவை. சிவப்பான மிளகாய் சிவப்பாக இல்லை என்பது போல இருந்தது. வெயிலில் அலைந்து, நாள் நெருக்கத்தில் எழுதியதில் கை தவறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அதற்கு முந்தின வரியில்தான் 'ஈர்ப்பு விசை இல்லாதபோது இத்தகைய தீர்வே கிடையாது, ஈர்ப்பு விசையே இதை உண்டாக்குகிறது' என்று இருந்தது. உண்டாக்கினது நிலைக்கத்தானே செய்யும்? அடுத்த பக்கத்திலும் அதே தவறு. எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஐந்து இடம். ஒரே பிழையை ஐந்து இடத்தில் ஒருத்தர் செய்வாரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது.

ஐந்திலும் 'அற்ற'வை எடுத்துவிட்டேன். 'நிலையான தீர்வுகள் நிலையானவை' என்று வந்தது. அது சொன்னதையே சொல்கிற மாதிரி அசிங்கமாக இருந்ததால் முன்னால் இருந்த 'நிலையான'வையும் எடுத்து, 'இத்தீர்வுகள் நிலையானவை' என்று கச்சிதமாக முடித்தேன். ஒரு படித்த பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு ஒரு டீ குடித்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை.

மறுநாள் டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. முதல் பக்கத்தில் தன் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சரிபார்த்தார். "எழுத்து அழகா இருக்குக்கா." அவ்வளவுதான். திருத்தினதை நான் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவார் என்று நினைத்தேன்.

புரட்டாசி பிறந்திருந்தது. பருத்தி விதைக்கிற நேரம், மழைக்காக எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வந்தார். உட்காரவில்லை. கையில் ஒரு கடிதம். அதை மேசையில் வைத்து, பக்கத்தில் என் எட்டுப் பக்கத்தையும், அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்துத் தாள்களையும் வைத்தார்.

"இத நான் எழுதலயேக்கா."

ஐந்தாவது பக்கம்.

"தப்பா இருந்துச்சு டீச்சர். திருத்துனேன்."

"எது தப்பு?"

"நிலையானது எப்படி நிலையில்லாம இருக்கும்?"

அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"அதத்தான்க்கா ஏழு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கடிதத்தை அவரே படித்துச் சொன்னார். தீசிஸைப் பார்த்த வெளித் தேர்வாளர் ஒருவர் தமிழ்ச் சுருக்கத்தையும் விடாமல் படித்திருக்கிறார். இங்கிலீஷில் 'தாங்காது' என்கிற அர்த்தம் வருகிறது, தமிழில் 'தாங்கும்' என்கிற அர்த்தம் வருகிறது; இதில் எது ஆராய்ச்சியாளரின் முடிவு, ஆராய்ச்சியாளருக்கே தெரியுமா என்று கேட்டிருக்கிறார். முப்பது நாளுக்குள் விளக்கமும் திருத்திய சுருக்கமும் போய்ச் சேர வேண்டும். அவருக்குத் திருப்தியானால்தான் வாய்மொழித் தேர்வு. இல்லையென்றால் தீசிஸ் திரும்பி வந்துவிடும்; பதிவு முடிந்துவிட்டதால் மறுபடி கொடுக்கவும் வழியில்லை. கல்லூரியிலும் பட்டம் வந்தால்தான் வேலையை நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அடிச்சது நான்னு எழுதிக் குடுக்கேன் டீச்சர். கையெழுத்துப் போட்டே குடுக்கேன்."

"அது போதாதுக்கா. நான் எழுதுனத வாசிச்சாலும் அவருக்கு அப்படித்தான் இருக்கும். 'நிலையான தீர்வுகள் நிலையற்றவை.' நீங்க சொல்லுறது சரிதான. யாரு வாசிச்சாலும் தப்பாத்தான் தெரியும்." பையிலிருந்து ஒரு கலைச்சொல் பட்டியலை எடுத்துக் காட்டினார். ஸ்டாட்டிக் என்பதற்கு எதிரே 'நிலையான.' ஸ்டேபிள் என்பதற்கு எதிரே 'நிலையான.' "ரெண்டும் வேற வேறக்கா. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையக் குடுத்திருக்காவ. நானும் அப்படியே போட்டுட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் எட்டிப் பார்த்தது. உடனே அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"ரெண்டும் எப்படி வேற? அசையாம இருந்தா அது தாங்குதுன்னுதானே அர்த்தம்?"

அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாய் உள்ளே வந்துவிட்டார். பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை. தாத்தா காலத்திலிருந்தே இந்தத் தெருவில் கடை அவர்களுக்கு. என் கடையில் எது பேசினாலும் அதில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு.

"தங்கச்சி, இது பாத்திரக்கடைக்காரனுக்குத் தெரிஞ்ச சங்கதி. இரு" என்று போய் ஆறு டம்ளர்களை எடுத்து வந்தார். என் மேசைமேல் ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைக் கவிழ்த்து, வாயோடு வாய், அடியோடு அடி வைத்து ஒரு கோபுரம் கட்டினார். "நிக்குதா?"

"நிக்குது."

"அசையுதா?"

"அசையல."

"இப்பம் ஒரு தும்மல் போடு."

தும்மல் தேவைப்படவில்லை. வெளியே சாத்தூர் பஸ் ஒரு ஹாரன் அடித்துத் திரும்பியதில் மேசை லேசாக அதிர்ந்தது. ஆறும் உருண்டோடின. ஒன்று பிரிண்டருக்கு அடியில் போய்விட்டது.

"அம்புட்டுத்தான் டீச்சர் படிச்ச படிப்பு" என்றார் பாய், குனிந்து தேடிக்கொண்டே. "இதுக்கா ஏழு வருசம்? என்ட்ட கேட்டிருந்தா ஏழு நிமிசத்துல சொல்லியிருப்பேன்."

"எந்த டம்ளர் எப்பம் விழும்னு கணக்குப் போட்டுச் சொல்லுவீங்களா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"அது முடியாது."

"அதுக்குத்தான் ஏழு வருசம்."

"வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றார் பாய்.

டீச்சர் ஒரு டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அக்கா, எடையே இல்லன்னா இந்த டம்ளர அடுக்க முடியுமா? மிதந்துக்கிட்டுல்லா இருக்கும். எடைதான் ஒண்ணு மேல ஒண்ண உக்கார வைக்குது. தள்ளி விடுததும் அதே எடைதான்."

"அப்பம் எடை நல்லதா கெட்டதா?"

"ரெண்டு சாதி உருண்டை இருக்குக்கா. ஒரு சாதி எடை இல்லாமலே நல்லாத் தாங்கும். அதுல எடையச் சேத்துக்கிட்டே போனா சுருங்கும், சுருங்கும், ஒரு அளவு வரைக்கும் தாங்கும். அந்த அளவத் தாண்டிட்டா அப்படி ஒரு உருண்டையே கெடையாது. இன்னொரு சாதி எடை இல்லன்னா பொறக்கவே பொறக்காது. எடை வந்தாத்தான் உருண்டையா நிக்கும். ஆனா அது..."

"தும்முனா போச்சு."

"கடுகளவு உள்ள தள்ளுனா, தானே தன்மேல குமிஞ்சு குமிஞ்சு கருந்துளையாப் போயிரும். கடுகளவு வெளிய இழுத்தா, கலைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிரும். நடுவுல ஒரு மயிரிழையில நிக்கும்."

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமும் எனக்குப் புரிந்தது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் புரியவில்லை. காப்பாற்றுவதும் அதுதான், கவிழ்ப்பதும் அதுதான் என்றால் எதை நம்பி அது அங்கே நிற்கிறது? எங்கள் பக்கத்துக் கரிசலில் வீடு கட்டினவர்களைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். மழையில் மண் பொங்கிச் சுவரைத் தூக்கும், கோடையில் அதே மண் வெடித்துச் சுவரைப் பிளக்கும். அதற்காக மண்ணே இல்லாமல் வீடு கட்டவா முடியும்? இதைச் சொன்னேன். டீச்சர், "கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா, ஆனா அப்படி இல்ல" என்றார். அதோடு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இப்போது வார்த்தை வேண்டும். ஸ்டாட்டிக்குக்கு ஒன்று, ஸ்டேபிளுக்கு ஒன்று. வாசிக்கிறவர் ஒருமுறை வாசித்தால் தெரிய வேண்டும்.

'அசையாத' என்றேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்கு 'உறுதியான' என்றேன். "உறுதின்னா கம்பி, சிமிண்ட்டு எல்லாம் வந்துரும்க்கா. அது வேற பாடம்." 'ஸ்திரம்' என்றேன். "அதான் முதல்ல போட்டேன். தமிழ்ச் சுருக்கத்துல தமிழாத்தான் இருக்கணும்னு எங்க கைடு வெட்டிட்டாவ." பாய், 'கெட்டியான' என்றார். "கெட்டியா இருக்கது வேற அண்ணாச்சி. கெட்டியா இருந்தே விழும்." 'விழாத' என்றார் பாய். "விழுததுக்கு அது எங்கேயும் ஏறி நிக்கலயே." பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறியும் நிக்கல, விழவும் செய்யாது, பேப்பர்லதான் இருக்கு. இதுக்கு எந்தக் கடையில போயி வார்த்தை வாங்கதுக்கு?" என்று டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டார்.

அந்த வரியையாவது எழுதி வைப்போம் என்று நோட்டை எடுத்தேன். எந்த நேரத்தில் எதைக் குறிப்பது என்ற விவஸ்தை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பழைய பக்கம் ஒன்று விரிந்தது. என் கிறுக்கல் எழுத்தில், 'நிக்கும், தரிக்காது. நாய் இருமுனாப் போதும். – காலேஜ் டீச்சர், ஆடு.'

வாய்விட்டுப் படித்துவிட்டேன்.

"இத யாரு சொன்னா?" என்றார் டீச்சர்.

"நீங்கதான்."

"நானா?"

"சித்திரையில. ஃபைலக் குடுக்க வந்தன்னைக்கு."

அவருக்கு நினைவே இல்லை. நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். "நாய் இருமுனா ஆடு என்ன செய்யும்?" என்று நான்தான் கேட்டேன், அன்று கேட்காமல் விட்டது.

"ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சுரும். மிதிபட்டுச் சாவும். இல்லேன்னா செதறி நாலு காட்டுக்கும் ஓடிரும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கடிதத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "அய்யோ, அக்கா" என்றார்.

பாய் வாசலில் நின்றவர் திரும்பினார். "தரிக்காதுன்னா வேற அர்த்தம்லா வரும்? பிள்ளை தரிக்கலன்னு சொல்லுவாவல்லா."

அதுவும் சரிதான். உடை தரிப்பதும் உண்டு. இதில் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்து வைக்கிறோமோ என்று எனக்குப் பயம் வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை புத்திசாலித்தனம் பண்ணி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. "வேண்டாம் டீச்சர், ஏதாவது பெரியவங்களக் கேளுங்க" என்றேன்.

"யாரக் கேட்டாலும் நிலையானன்னுதான்க்கா சொல்லுவாவ" என்றார். பேனாவை எடுத்து, சுருக்கத்தின் ஆரம்பத்திலேயே இரண்டு வரி எழுதினார். காலத்தோடு மாறாமல் இருக்கும் தீர்வை 'நிற்கும் தீர்வு' என்கிறோம். சிறு அசைவு நேர்ந்தாலும் தன் வடிவத்துக்குத் திரும்புகிற தீர்வை 'தரிக்கும் தீர்வு' என்கிறோம். நிற்பவை எல்லாம் தரிப்பவை அல்ல.

அன்று கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, அவர் "ஆமா" என்ற பிறகுதான் அடித்தேன். ஒரு புள்ளியைக்கூடக் கேட்காமல் வைக்கவில்லை. ஐந்தாவது பக்கத்தில், 'ஈர்ப்பு விசையால் கிடைக்கும் இத்தீர்வுகள் நிற்கும். ஆனால் தரிக்கா' என்று அடித்தபோது எனக்கே ஏதோ விளங்கிவிட்டது போல இருந்தது. அது கடைசிப் பக்கம் வரைதான் நீடித்தது.

கடைசிப் பக்கத்தில், இனிச் செய்ய வேண்டியது என்ற தலைப்பில், 'தன்னைத்தானே சுற்றும் நிலையான தீர்வுகள்' என்று ஒன்று மிச்சம் இருந்தது.

"இது எந்த நிலை டீச்சர்? நிக்குமா, தரிக்குமா?"

"அது..." என்று தாளை வாங்கினார். "இது சுத்துதுக்கா. பம்பரம் மாதிரி. சுத்திக்கிட்டே இருக்கும், ஆனா எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கும்."

"அப்பம் நிக்கலயே. சுத்துதுல்லா?"

"ஒரே எடத்துல சுத்துது."

"பம்பரம் ஆடாம அசையாமச் சுத்தும்போது உறங்குதுன்னு சொல்லுவோமே, அப்படியா? அது நிக்கதுல சேத்தியா, இல்லையா?"

"இங்கிலீஷ்ல அதுக்கு மூணாவதா ஒரு வார்த்தை இருக்கு. பட்டியல்ல அதுக்கும் நிலையானன்னுதான் போட்டிருக்காவ" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பில் வந்ததா வேறு எதில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "தரிக்குமா?" என்று மறுபடி கேட்டேன். "தெரியாதுக்கா. நான் இன்னும் பாக்கல" என்றார். 'மாறாமல் சுற்றும் தீர்வுகள். இவை தரிக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்' என்று அடித்தோம்.

விளக்கம் போனது. இருபது நாள் ஒரு செய்தியும் இல்லை. டீச்சர் கடை வழியாகப் போகும்போது உள்ளே பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்; இல்லை என்று அர்த்தம். பாய், "என்ன, உருண்டை நிக்குதா?" என்று என்னிடம் கேட்பார். அப்புறம் ஒருநாள் தேர்வுக்குத் தேதி வந்தது. யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு நானும் பஸ் ஏறினேன். கெடுத்தவள் நான், என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இங்கிலீஷ். ஸ்டாட்டிக், ஸ்டேபிள் என்ற இரண்டு வார்த்தைகளைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் நிக்கும், தரிக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பாதியில் எது எதுவென்று மாறிப்போனது.

அந்தத் தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு தமிழ்ச் சுருக்கத்தை எடுத்தார்.

"தரிக்காதுன்னு போட்டிருக்கீங்களே. இது எந்தக் கலைச்சொல் அகராதியில இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். எங்க ஊர்ல ஆட்டுக்குச் சொல்றது."

அறை சிரித்தது. கைடு தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒரு கிடையை வரைந்தார். புள்ளி புள்ளியாக ஆடு. அசையாமல் நிற்கிற ஆடு, நாய் இருமினால் உள்ளே குமிவது ஒரு அம்புக்குறி, வெளியே சிதறுவது ஒரு அம்புக்குறி. அதற்குப் பக்கத்திலேயே தன் சமன்பாட்டை எழுதினார். சிரிப்பு நின்றது. அந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் தேர்வாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"அப்ப கடைசிப் பக்கத்துல சுத்துறது? அது தரிக்குமா?"

"தெரியாது சார்."

"ஒரு அனுமானம்கூட இல்லையா?"

"இல்ல சார். பாக்கணும்."

அவர் எதையோ எழுதினார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் டீச்சரும் நானும் சுவரில் சாயாமல் நின்றோம். 'தெரியாது' என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "நான் அடிச்சதுல பிழை ஒண்ணுமில்லல்லா?" என்று மட்டும் கேட்டேன்.

உள்ளே கூப்பிட்டு இங்கிலீஷில் இரண்டு வரி வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நல்லதுதானா என்று உறுதியாகத் தெரியாததால் நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டினேன். டீச்சர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மார்கழியில் ஒருநாள் கடைக்கு வந்தார். வேலையை நிரந்தரமாக்கக் கேட்டுக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதியிருந்தார்.

"முனைவர்னே போட்டுரட்டுமா டீச்சர்?"

"போடுங்கக்கா."

"ரெண்டு சுழி னாவா, மூணு சுழி ணாவா?"

"அக்கா! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கேட்டுட்டுத்தான் அடிப்பேன்."

"ரெண்டு சுழி" என்றார். அடித்தேன். வாசித்துக் காட்டினேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பம்பரம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"இன்னும் சுத்துதுக்கா" என்றார்.

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தாளை எடுத்து ஊதிக்கொண்டே, கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போய்விட்டார்.